லிஷாவின் முதற்பலன்

என் தங்கை லிஷா திருவனந்தபுரத்தில் மண் சுட்டுக்கொண்டிருக்கிறாள் என்றுதான் எங்கள் ஊரில் அப்போது பேச்சு. குன்னத்துகால் பக்கம் எங்கள் வீடு. கேரளம்தான், ஆனால் வீட்டுக்குள் தமிழ், கடைக்குப் போனால் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். மண் சுடுகிறவளுக்கு எதற்கு டாக்டர் பட்டம் என்று சபையில் ஒரு பெண்மணி என்னிடமே கேட்டாள். அது மண் இல்லை, பீங்கான் என்றேன். "ரெண்டும் சூளையில வைக்குதது தானே டீச்சரே" என்றாள். நான் பாறசாலையில் ஒரு பள்ளியில் தமிழ் டீச்சர். பிள்ளைகளை ஒரு முறைப்பில் அடக்கிவிடுவேன். சபைப் பெண்களை அடக்க இதுவரை முடிந்ததில்லை.

லிஷா செய்தது இதுதான். நம் போனிலும் ஸ்கூட்டரிலும் இருக்கிற லித்தியம் பேட்டரிக்குள் ஒரு திரவம் உண்டு. லித்தியம் அதன் வழியாகத்தான் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் போய்வருகிறது. பேட்டரி அளவுக்கு மீறிச் சூடேறினால் பற்றிக்கொள்வதும் அந்தத் திரவம்தான். அதை எடுத்துவிட்டு, எரியாத ஒரு பீங்கான் வில்லையை வைக்க முடியுமா என்று உலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வில்லை கெட்டியாக இருக்கவேண்டும்; ஆனால் லித்தியத்துக்கு வழியும் விடவேண்டும். அப்படி ஒரு வில்லையைச் செய்யத்தான் லிஷா வருடக்கணக்கில் உலையோடு மாரடித்தாள். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளையாக இருக்கும். அவளுடைய இளமையில் பாதி அதற்குள்தான் போயிற்று.

எங்கள் அப்பா சுந்தரதாஸ் ரப்பர் வெட்டுக்குப் போனவர். லிஷா பள்ளியில் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அதன்பிறகு எங்களை ஆளாக்கியது அம்மா. பெயர் தங்கபாய். ஏத்தன் வாழைக்காயைச் சீவி சிப்ஸ் வறுத்து, பாக்கெட் போட்டு, வெள்ளறடை ஊர்க் கடைகளுக்கு ஆட்டோவில் கொடுத்தனுப்புவாள். பாக்கெட்டின் வாயைச் சூட்டில் அழுத்தி ஒட்டுகிற சின்ன மெஷின் ஒன்று அடுக்களையில் இருந்தது. அம்மா ஒட்டினால் நூல் பிடித்த மாதிரி கோடு நேராக இருக்கும். அதே மெஷின்தான் லிஷாவின் ஆய்வகத்திலும். வில்லையைக் காற்றுப் புகாத உறையில் போட்டு ஒட்டுவதற்கு. முதலில் அதைப் பார்த்த அன்று வீட்டுக்குப் போன் செய்து சிரித்தாள்.

"அம்மா, நீயும் நானும் ஒரே தொழிலாக்கும்."

"அப்பிடின்னா எதுக்கு பிள்ளே இவ்வளவு படிச்சே? இஞ்சயே இருந்திருக்கலாமே" என்றாள் அம்மா. அவளுக்கும் சிரிப்புத்தான்.

அம்மாவிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் எது முதலில் விளைந்தாலும் அது சபையின் அறுப்பின் பண்டிகைக்குப் போகவேண்டும். முதல் தேங்காய்க் குலை, முதல் மரச்சீனிக் கிழங்கு, புதுக்கோழி இட்ட முதல் முட்டை. எனக்கு வேலை கிடைத்த வருடம் பலிபீடத்துக்கு ஒரு விரிப்பு வாங்கிக் கொண்டுபோனாள். மற்றவர்கள் மரச்சீனியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள். அம்மா குழாயடியில் குந்தி உட்கார்ந்து தேய்த்துக் கழுவுவாள். முந்தானையால் துடைத்து, திறந்த தட்டில் வைத்துக் கொண்டுபோவாள். படைக்கிற பொருளுக்கு மூடி போடக்கூடாது, அது என்ன ஒளிச்சு வைக்கிற பண்டமா என்பாள். லிஷாவின் பெயரில் வைக்க மட்டும் ஒன்றும் வாய்க்கவில்லை. அவளோடு படித்தவர்கள் வளைகுடாவிலிருந்து அனுப்பியதும் கொண்டுவந்ததும் தட்டுத் தட்டாகப் பலிபீடத்தின் முன்னால் இருக்கும். "இளையவளுக்கு இன்னும் படிப்பு தீரல்லியா?" என்று நாலு பேர் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே லிஷா பண்டிகைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அம்மா தனியாகப் போய்க் கேட்டுவிட்டு வருவாள்.

லிஷாவின் ஆராய்ச்சி முழுக்க ஒரே ஒரு விஷயத்தைப் பற்றியதுதான். அதே பொருள்களை அதே அளவில் எடுத்தாலும், செய்கிற விதம் மாறினால் வில்லையின் குணம் மாறிவிடுகிறது. பழைய விதத்தில், பொடிகளை உலர்வாகச் சேர்த்து அரைத்து, கடும் சூட்டில் திரும்பத் திரும்பச் சுடுவார்கள். அந்தச் சூட்டில் லித்தியம் ஆவியாகக் கிளம்பிவிடும். கூடுதலாகப் போட்டு வைத்தாலும் கடைசியில் எவ்வளவு மிஞ்சும் என்று உறுதி சொல்ல முடியாது. வில்லைக்குள் அங்கங்கே பொத்தல் விழும். லித்தியம் அங்கே வந்து வழி தெரியாமல் நின்றுவிடும். லிஷா வேறு விதத்தை எடுத்தாள். உப்புகளைத் தண்ணீரில் கரைத்து, எலுமிச்சையில் இருக்கிற அமிலத்தைச் சேர்த்து, நிதானமாகக் காய்ச்சி ஜெல் ஆக்குவாள். அதை எரித்தால் மாவைவிட நைசான பொடி கிடைக்கும். அப்படிப்பட்ட பொடிக்குக் குறைந்த சூடு போதும். சுடும்போது வில்லையை அதே பொடிக்குள் புதைத்து வைப்பாள், லித்தியம் ஓடிப்போகாமல் இருக்க.

ஒரு முறை இதை அம்மாவிடம் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். அம்மா சிப்ஸ் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இதுவும் அப்பிடித் தானே. அதே காய், அதே எண்ணெய். தீ கூடினா கரியும், கொறஞ்சா எண்ணெய் குடிக்கும்" என்றாள். அது தான் அம்மா என்று லிஷா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சொன்னால் அம்மாவுக்குப் புரியும். ஆனால் வருடம் போகப் போக லிஷா சொல்வதை விட்டுவிட்டாள். களைப்பு. வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவாள், தூங்குவாள், போவாள்.

அவளுடைய வழிகாட்டி ராஜப்பன் சாருக்கு ஜெல் விதத்தில் பெரிய நம்பிக்கை இல்லை. எரியாத கரி உள்ளே தங்கி வேலையைக் கெடுக்கும் என்பார். லிஷாவின் வில்லைகளும் அவர் பக்கமே சாட்சி சொல்வதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. கடைசியில் ஒன்று முழுசாக வந்தது. எக்ஸ்ரேயில் வைத்துப் பார்த்தாள். உள்ளமைப்பு அவள் எதிர்பார்த்தபடியே இருந்தது. லித்தியம் எவ்வளவு சுலபமாக அதற்குள் போகிறது என்று நுணுக்கமாக அளக்கிற கருவி வெளிமாநிலத்தில் ஓர் ஆய்வகத்தில் இருந்தது. அவர்கள் ஒரே ஒரு நாள் ஒதுக்கித் தந்தார்கள். அந்த அளவு நன்றாக வந்தால் ஜெர்மனியில் ஓர் ஆராய்ச்சிக் குழு அவளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. இன்னொரு வில்லை செய்ய வழி இல்லை. அவளுடைய உதவித்தொகைக் காலம் அந்த மாதத்தோடு முடிகிறது. உலையின் சூடேற்றும் கம்பிகளும் எரிந்துபோயிருந்தன. ஆக, அத்தனை வருடமும் அந்த ஒரு வில்லைக்குள் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அதை உறையில் ஒட்டி எடுத்துக்கொண்டு லிஷா வீட்டுக்கு வந்தாள். ஞாயிறு மாலை ரயில். நானும் செங்கல் என்கிற ஊரில் என் வீட்டுக்காரர் வீட்டிலிருந்து அவளைப் பார்க்க வந்திருந்தேன். ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. உறைக்குள் தெரிந்த வில்லையை அம்மா குனிந்து பார்த்தாள்.

"இது தானா மக்கா?"

"இது தான் அம்மா. தொடாத. விழுந்தா உடைஞ்சிரும்."

"உடைஞ்சா?"

"உடைஞ்சா எனக்க படிப்பு அதோட தீர்ந்துது."

அம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். லிஷா அதை அலமாரியில் வைத்தாள். மறுநாள் அறுப்பின் பண்டிகை. நீயும் வா மக்கா என்று அம்மா கெஞ்சினாள். "என்ன கேப்பினும்னு எனக்குத் தெரியும். நான் வரல்ல" என்று லிஷா போய்ப் படுத்தாள். நான் வீட்டுக்காரரின் சபைப் பண்டிகையைப் பார்க்க ராத்திரிக்கு முன்னே செங்கலுக்குத் திரும்பிவிட்டேன். மறுநாள் மதியம் வரை லிஷா செத்த பிணமாகத் தூங்கினாளாம். எழுந்தபோது அம்மா சபைக்குப் போய்வந்து, சோறு பொங்கி, முகமெல்லாம் சிரிப்பாக நின்றாளாம். தலையில் கைவைத்து ஜெபித்து வழியனுப்பினாள்.

அளவு மோசமாக வந்தது. மோசம் என்றால் சாதாரண மோசம் இல்லை, பழைய விதத்தில் செய்த வில்லைகளைவிடக் கீழே. லிஷா கருவியைச் சந்தேகப்பட்டாள், இணைப்புகளைச் சந்தேகப்பட்டாள், திரும்பத் திரும்ப அளந்தாள். கடைசியில் தன்னைச் சந்தேகப்பட்டாள். நான் அப்பவே சொன்னேன் என்று ராஜப்பன் சார் சொல்லவில்லை. அந்த மட்டில் நல்ல மனிதர். கிடைத்ததை எழுது என்றார். எழுதினாள். ஜெல் விதத்தில் செய்த வில்லையின் மேல்பரப்பில் தேவையில்லாத படிவு உண்டாகிறது, இந்த நோக்கத்துக்கு இந்த விதம் உதவாது என்று தன் கையாலேயே ஆய்வேட்டில் எழுதினாள். பட்டம் கிடைத்தது. ஜெர்மனிக்காரர்கள் மரியாதையாக வருந்தி மெயில் போட்டார்கள். அவள் பாறசாலையில் ஒரு டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி எடுக்க வந்து சேர்ந்தாள். அளவைப் பற்றி அம்மாவிடம் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. மகள் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறாளே, அவளுக்கு அது போதும்.

லிஷா அதன்பிறகு பழைய லிஷா இல்லை. சிரிப்பாள், பேசுவாள், எல்லாம் செய்வாள். ஆனால் யாராவது பேட்டரி என்று சொன்னால் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். "எனக்க புத்தி அவ்வளவு தான் அக்கா. வேற காரணம் ஒண்ணும் இல்ல" என்று ஒரு நாள் சொன்னாள். எனக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. அறிவில் குறைந்தவள் என்று அவளை யார் சொன்னாலும் நான் சண்டைக்குப் போவேன். அவளே சொன்னால் நான் யாரோடு சண்டை போடுவது?

அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் கிடந்தது போன வருட மழைக்காலத்தில். இனி நாள் அதிகம் இல்லை என்று டாக்டர் எங்களிடம் சொல்லியிருந்தார். ஒரு மத்தியானம் லிஷா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் கட்டிலின் கால்மாட்டில் இருந்தேன். அம்மா திடீரென்று சிரித்தாள்.

"மக்கா, ஒரு காரியம் உனக்கிட்ட சொல்லாம வச்சிருக்கேன்."

"என்னம்மா?"

"அந்த வெள்ளை வில்லை. நீ வண்டி ஏறின அன்னைக்கு நான் அதை எடுத்துட்டு பண்டிகைக்குப் போனேன்."

லிஷாவின் கையில் ஸ்பூன் அப்படியே நின்றது.

"நீ ஏசுவேன்னு தான் சொல்லல்ல. விழாம தான் கொண்டுபோனேன். கர்ச்சீப்புல வச்சு, நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு. ஆட்டோ குழியில தூக்கிப்போடும்னு, மழையில நடந்தே போனேன் பாத்துக்கோ."

"உறை?" என்றாள் லிஷா.

"ஓரத்துல கத்தரிச்சேன். வந்து எனக்க மெஷின்ல ஒட்டிப்போட்டேன். நீ கண்டுபிடிச்சியா? இல்லியே!" அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"திறந்தா வச்சே அம்மா?"

"பின்ன? பொதிஞ்சா கர்த்தருக்கு முன்ன வைக்குதது? மேல பொடி போல ஒட்டியிருந்துது. குழாயில நல்லாக் கழுவி, துடைச்சு, தட்டுல வச்சேன். சபை அச்சன் கேட்டாரு, இது என்னதுன்னு. எனக்க இளைய மகளுக்க முதற்பலனாக்கும்னு சொன்னேன். உறக்கெ, நல்ல சத்தமா தான் சொன்னேன். கேட்டவங்க எல்லாரும் கேக்கட்டும்னு."

மூச்சு வாங்கியது. லிஷா அம்மாவின் நெஞ்சைத் தடவிவிட்டாள். அவள் கண்ணிலிருந்து வடிந்துகொண்டே இருந்தது. அம்மா அதை நன்றியின் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தே அது எனக்குத் தெரிந்தது.

"அழாத மக்கா. அது நல்லா இருந்துதா? அளந்தவங்க என்ன சொன்னினும்?"

லிஷா ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள். அம்மாவின் வாயைத் துடைத்தாள்.

"நல்லா இருந்தது அம்மா" என்றாள். "ஒரு குறையும் இல்லாம இருந்தது."

அம்மா தலையை ஆட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள்.

எனக்கு அப்போது பாதிதான் விளங்கியிருந்தது. லிஷாவை இழுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். அவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சொன்னாள். சுட்டெடுத்த பிறகு அந்தப் பீங்கானுக்கு ஈரக்காற்றே பகை. தண்ணீர் பட்டால் கேட்கவே வேண்டாம். உள்ளே இருக்கிற லித்தியம் வெளியே வந்துவிடும், தண்ணீரிலிருந்து வேறொன்று அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே ஒரு படிவு வளரும். அந்தப் படிவைத்தான் அவள் தன் விதத்தின் குற்றம் என்று எழுதியிருந்தாள்.

"அப்போ உனக்க விதம் சரியா இருந்துதா?" என்று கேட்டேன்.

"சரியா தான் இருந்திருக்கும். எனக்கு இப்பளாக்கும் தெரியுது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்காமல் எடுக்கலாமா, இத்தனை வயதில் இது என்ன பிடிவாதம் என்று ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்தினேன். லிஷா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விழுந்தா உடைஞ்சிரும்னு சொன்னேன். மழையில நடந்து, விழாம கொண்டுபோனா. தண்ணி ஆவாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, தண்ணியைக் காட்டியிருக்கவே மாட்டா அக்கா. நான் சொல்லல்ல. இவளுக்கு எதுக்கு இதெல்லாம்னு இருந்துட்டேன்."

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். 

அந்த வாரமே அம்மா போய்விட்டாள். அடக்கம் முடிந்த பிறகு, நீ இங்கேயே இருந்ததால்தானே அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொள்ள முடிந்தது, எல்லாம் நன்மைக்கே என்று ஒருவர் லிஷாவைத் தேற்றினார். அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். எனக்கு அந்த ஆறுதல் வேண்டாம். என் தங்கைக்கு இரண்டும் கிடைத்திருக்கவேண்டும். அம்மாவும் கிடைத்திருக்கவேண்டும், அந்த வில்லையும் கிடைத்திருக்கவேண்டும்.

என் நச்சரிப்பு தாங்காமல் லிஷா ராஜப்பன் சாரைப் பார்க்கப் போனாள். நானும் கூடப் போனேன். உலைக்குப் புதுக் கம்பி போட்டிருந்தார்கள். வேறு மாணவர்கள் வேறு ஏதோ சுட்டுக்கொண்டிருந்தார்கள். அளப்பதற்கு முன்பே வில்லையில் தண்ணீர் பட்டுவிட்டது, ஆய்வேட்டில் எழுதிய முடிவு தவறு என்று லிஷா சொன்னாள். சார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். வெளிநாட்டில் ஒரு குழு ஏறக்குறைய அவள் போன வழியிலேயே போய், அவள் எதிர்பார்த்த அளவையே எட்டி, கட்டுரை வெளியிட்டிருந்தது. லிஷா அதை வரி வரியாகப் படித்தாள். முகம் மலர்ந்துகொண்டே வந்தது, பிறகு வாடியது.

"தண்ணீர் எப்படிப் பட்டது?" என்று கேட்டார் சார். "உன் அளவு கவனமான பிள்ளை இந்த ஆய்வகத்தில் இருந்ததில்லையே."

நான் வாயைத் திறக்கப் போனேன். லிஷா முந்திக்கொண்டாள்.

"என் கவனக்குறைவுதான் சார்."

திருத்தக் குறிப்பு ஒன்று எழுதி ஆய்வேட்டோடு சேர்க்கக் கொடுத்துவிட்டு வந்தோம். அதிலும் அப்படித்தான் எழுதினாள். பஸ்ஸில் நான் சண்டை போட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இந்த வருடம் அறுப்பின் பண்டிகைக்கு, நான் கூப்பிடாமலே, தானும் வருவதாக லிஷா சொன்னாள். அன்று காலை நான் செங்கலிலிருந்து போய்ச் சேர்ந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அம்மா கடைசியாக நட்ட மரச்சீனியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, குழாயடியில் அம்மா உட்காருகிற இடத்தில் லிஷா உட்கார்ந்திருந்தாள். கிழங்கைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். மண் எப்போதோ போய்விட்டது. தோலும் அங்கங்கே உரிந்து உள்வெள்ளை தெரிந்தது. அவள் நிறுத்தவில்லை.

"போதும் லிஷா. நேரமாவுது" என்றேன்.

"மண்ணோட வச்சா அம்மா ஏசுவா" என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் உடைந்து அழுதாள். அம்மா செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. நான் குழாயை மூடிவிட்டு, அந்தக் கிழங்கை அவள் கையிலிருந்து வாங்கி என் முந்தானையால் துடைத்தேன்.